எயர் எடுத்தல்

அல்லைப்பிட்டி தாண்டி, பண்ணைத் தாம்போதியில்,
மூன்று தரம் தும்மிவிட்டு வான் நின்றது.
பின்னால் எண்பது சிவப்புக் கதிரைகள்,
வேலணையில் ஒரு சாமத்தியவீட்டுக்கு
வாடகைக்குக் கொடுத்து எடுத்தவை.
இரு பக்கமும் முழங்கால் ஆழக் கடல்.
நாங்கள் கதைத்து ஒன்பது நாள்.

லீசிங் கொம்பனியில் ஆருக்கோ பிணை நின்று
தவரூபன் கையெழுத்து வைத்ததை
எனக்குச் சொன்னது தபாலில் வந்த கடிதம்.
அன்று தொடக்கம்
கோப்பையை மேசையில் வைக்கிற சத்தம்தான்
வீட்டில் பாஷை.

இந்த வானுக்கு எஞ்சின் இடப்பக்கச் சீற்றுக்குக் கீழே.
இவ்வளவு தூரமும் அதன் மேல்தான்
உம்மென்று குந்தியிருந்திருக்கிறேன்.
எழும்பி, திறப்புப் பக்கம் மாறினேன்.

திருப்பச் சொல்வதென்றால் என்னைக் கூப்பிட வேண்டும்.
அவர் ஸ்பானரால் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினார்.
திருப்பினேன்.
இரண்டு தட்டு.
விட்டேன்.

கோண் அடித்தது, ஆகவே பற்றரி இல்லை.
ஸ்ராட்டர் சுற்றியது, ஆகவே அதுவும் இல்லை.
கீற்றர் லைற் எரிந்து, எட்டு எண்ண அணைந்தது.
டீசல் முள்ளு பாதியில் நின்றது.
அது எப்போதும் பாதிதான்,
நிரப்பினாலும் வறண்டாலும்.
வாங்கின நாளிலிருந்து அந்தப் பொய்யை
இருவரும் தெரிந்தே ஓட்டுகிறோம்.

குறிகட்டுவான் பஸ் வேகம் தணித்தது.
"பில்டரை மாத்துங்கோ அண்ணை!"
மீன்பெட்டியோடு வந்த மோட்டர்சைக்கிள்
"தள்ளிப் பாருங்கோ" என்றது,
தள்ள நிற்கவில்லை.

அவர் தெருவில் படுத்து
விரல் முட்டியால் தாங்கியைத் தட்டினார்.
வெறும் பானை.
எனக்கும் கேட்டது.
எனக்குக் கேட்டது அவருக்கும் தெரிந்தது.

இரண்டு கதிரை இறக்கிப் போட்டார்,
நடுவில் ஒரு ஆள் படுக்கலாம்.
சோளகம் அவருடையதைப் பிரட்டி
உவர்த்தண்ணீருக்குள் எறிந்தது.
சாரத்தை மடித்துக்கொண்டு இறங்கியவரைப் பார்த்தால்
சிரித்துவிடுவேனென்று
பண்ணைப் பக்கம் பார்த்தேன்.

பொழுதுபட, மண்டைதீவுச் சூசைநாயகம் வந்தார்,
லான்ட்மாஸ்டரில்.
குழாயை வாயால் இழுத்துத் துப்பி
இரண்டு சோடாப் போத்தல் டீசல் தந்தார்.
"காசைப் பிறகு பாப்பம்."

ஊற்றினால் மட்டும் காணாது.
வறண்ட குழாய்க்குள் காற்றுப் புகுந்திருக்கும்.
காற்று இருக்கிற இடத்துக்கு டீசல் போகாது.
நட்டை அரைச்சுற்றுத் தளர்த்தி
கைப்பம்பை அமத்த வேண்டும்.
நுரை.
அமத்தினார், நுரை.
பிறகும் சவர்க்காரத் தண்ணீர்போல நுரை.
அவருக்குக் கை ஓய்ந்தது.
நான் வந்து உள்ளங்கையைப் பம்பில் வைத்தேன்.
ரோச்சை வாயில் கவ்விக்கொண்டு அவர் நட்டைப் பிடித்தார்.
அமத்தினேன்.
அமத்தினேன்.
பம்பு மெல்ல மெல்லக் கல்லாகியது.
நுரை முறிந்து, கண்ணாடி நூல்மாதிரி
ஒரு சொட்டும் பிசகாமல் டீசல் வந்தது.
ரோச் கீழே விழுந்தது.
"இஞ்சரப்பா, காணும், காணும்!"

நான் கையை எடுக்கவில்லை.
"எவ்வளவுக்கு?"
அவர் நட்டை இறுக்கினார்.
துணியில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.
"கடிதத்தில நாலு லட்சம்.
வட்டியோட ஆறரை."
கடிதத்தில் இல்லாத இரண்டரையை
அவரே சொன்னார்.

நாலாம் முறை திருப்ப, வெள்ளைப் புகை கக்கி
எண்பது கதிரையும் அதிர எஞ்சின் பிடித்தது.
இல்லை, எழுபத்தொன்பது.
ஒன்று இன்னும் தெருவில்.
ஓடிப்போய்த் தூக்கி வந்தேன்.

கொட்டடியில் எங்கள் கேற் பூட்டியிருந்தது.
"நிப்பாட்டாதையுங்கோ" என்றேன்,
"பிறகு எடுபடாது."
கேற்றைத் திறக்க ஒருவர் இறங்க வேண்டும்.
எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
என் சீற் கீழிருந்து சுட்டது.
ஆருக்குப் பிணை என்று சொல்ல
அவர் முதலில் இருமினார்.