தக்ரார்

முதல் நாள் அறையைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.
கதவில் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு புள்ளி.
வட்டத்தைப் பூஜ்யம் என்று நினைத்தேன்,
புள்ளியைப் பெயிண்ட் சிந்தியது என்று.
வட்டம்தான் ஐந்தாம். புள்ளிதான் பூஜ்யம்.
ஐம்பதாம் அறைக்கு வெளியே
இரண்டு பெட்டிகளோடு
அரைமணி நேரம் நின்றிருக்கிறேன்.

திறந்தவள் நுர்சாதா, கிர்கிஸ்தான்காரி.
எங்களுக்குள் பொதுவாக ஒரு மொழியும் இல்லை.
தேநீர்க் குவளையைக் காட்டினாள்.
நம் ஊர்ப் பாணியில் தலையாட்டினேன்.
வேண்டாம் என்று புரிந்துகொண்டு
அவளே குடித்துவிட்டாள்.

நிஸ்வாவில் வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை.
அதன் ஓரத்தில்
இலக்கணம் பிசகாமல் பேரீச்சைக்கு விலை கேட்டேன்.
கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.
செய்தி வாசிப்பதுபோல் இருக்கிறதாம்.
சங்கத்தமிழில் ஒருத்தி தக்காளி கேட்டால்
நானும் எழுந்துதான் நிற்பேன்.

வகுப்பில் பெயர் கூப்பிட்டால்
ஹாதிர் என்று சொல்ல வேண்டும்.
அரியலூர்க் கோர்ட்டில் டவாலி கூவுகிற
ஆஜர்தான் அது,
கடல் தாண்டாத முகத்தோடு.
ஆசிரியை ஸுவைனா பலகையைத் தட்டி
தக்ரார்! என்றதும் நடுங்கிப்போனேன்.
எங்கள் பக்கம் தகராறு என்றால்
வரப்பு, பக்கத்துக் காட்டு வேப்பங்கிளை,
மண்டையில் நாலு தையல்.
இங்கே
திரும்பச் சொல் என்று மட்டும்தான் பொருள்.
திரும்பச் சொன்னேன்.
தொண்டையின் அடியிலிருந்து ஓர் எழுத்து,
அதற்கும் அடியிலிருந்து இன்னோர் எழுத்து.
ஒரே ஒரு ‘க’வை வைத்துக்கொண்டு
நாம் எவ்வளவு சிக்கனமாகக் குடும்பம் நடத்திவிட்டோம்!

மூன்றாம் மாதம்
பாடநூலில் உயிர்க்குறிகளை எடுத்துவிட்டார்கள்.
மெய் மட்டும் வரிசையில் நிற்கிறது.
எழுதினான், எழுதப்பட்டது, புத்தகங்கள்:
மூன்றுக்கும் அதே மூன்று எழுத்து.
தெரிந்தால்தான் படிக்க முடியும் என்றார் ஸுவைனா.
படித்தால்தானே தெரியும்
என்று கேட்குமளவு எனக்கு அரபி வரவில்லை.

விடுதிக்குப் பின்னால் சலவைக்கடை.
மதியழகன், பெரம்பலூர், பதினெட்டு வருடம்.
கழுத்துக் குஞ்சம் கசங்காமல்
திஷ்தாஷா தேய்ப்பவர்.
அவருடைய அரபியில் வினைச்சொல் கிடையாது.
ஃபீ, மாஃபி. உண்டு, இல்லை.
இந்த இரண்டை வைத்தே
கடன், காய்ச்சல், மகளின் நிச்சயதார்த்தம்
எல்லாம் பேசிவிடுவார்.
சந்தையில் யாரும் எழுந்து நிற்பதில்லை.

கடை கைமாறுகிறதாம்.
நேற்று ஒரு காகிதம் கொண்டுவந்தார்,
கீழே அவர் கையெழுத்து, தமிழில்.
படிக்கிற பிள்ளைதானே, பாரு என்றார்.
பார்த்தேன்.
உயிரில்லாத நாலு பத்தி.
இருட்டில் சுவிட்சு தேடுவதுபோல் தடவிக்கொண்டே போனேன்.
கடைசி வரியில் ஒரு சொல்
அகராதி கேட்காமல் என்னைப் பார்த்தது.
பாக்கி.
அதற்கு எதிரே ஒரு புள்ளி.

ஈ உட்கார்ந்த கறையா? என்றார்.

புள்ளி வைத்தால் எழுத்தில் உயிர் போய்விடும்;
ஒன்றாம் வகுப்பில் படித்தது.
பூஜ்யம்ணே என்றேன்.
ஐந்து மாதச் சம்பளம் வரவேண்டியிருந்தது அவருக்கு.
தேய்ப்புப்பெட்டி ஆறும்வரை
இருவரும் பேசவில்லை.
வெளியே ஒரு கார்
வெள்ளைத் துணிகளுக்காக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர் அலுவலகம் போகிறோம்.
அவரிடம் மாஃபி இருக்கிறது,
என்னிடம் கொஞ்சம் வேற்றுமை உருபுகள்.
கவுண்ட்டரில் இருப்பவர் நிமிரும்வரை
அந்த ஒரு சொல்லைத்
தக்ரார் செய்வதாகத் திட்டம்.
தகராறு ஆனாலும் சரி.

அன்றைக்குப் போட்டுக்கொள்ள
ஒரு சுடிதார் கொடுத்திருந்தேன்.
மடிப்பு நிற்கத் தேய்த்துத் தந்தார்.
எவ்வளவு என்றேன்.
இருநூறு பைசா.
பாக்கி இருக்கட்டும் என்றார்.