விலைப்பலகை

மருதானைப் பாலத்தடியில்
சாவி வெட்டும் பியசேனவைப் படம்பிடித்தேன்.
மழைக்குள் மூன்று சனிக்கிழமை.

பஸ்மினா அதைப் பிளேன்ரீக்கு அப்பால்
தள்ளி வைத்துப் பார்த்தாள்.
"விலைப்பலகை நல்ல துல்லியம்.
நடுவில் ஒரு ஆள் மறைக்கிறார்."

வெளிச்சம் போதாது, தண்டவாளம் அதிர்ந்தது,
லென்ஸ் இரவல் —
சொல்லச் சொல்ல எனக்கே கேட்டது:
அந்த மனுசன் கண்ணை
நான் ஒருமுறையும் பார்க்கவில்லை.

பிறகு அவளுடையது:
பாதிச் சவரத்தில், நுரையோடு, அவள் தம்பி.
"ஒளி அருமை" தயாராக வைத்திருந்தேன்.
வாய் வேறு சொன்னது:
"உனக்குப் பயப்படுகிறான்."

படத்தைக் கவிழ்த்தாள்.
வெளியே பொரளை, பொரளை என்று
கொண்டக்டர் கூவினான்.

"கமராவுக்கு இல்லையா?"
"இல்லை."

இரண்டு பிளேன்ரீக்கும் அவளே காசு கொடுத்தாள்.
மிச்சத்தை எண்ணவில்லை.