எஃப் ஐந்து

மாதச் சந்தா ஏறிப்போச்சு என்று
முதலாளி ரெஜிமோன் ஒரே ராத்திரியில்
மென்பொருளை மாற்றிவிட்டார்.
இது இலவசம், இதுவும் படம்தானே திருத்துது என்றார்.
சாவியை மேசையில் வைத்துவிட்டு மீன் வாங்கப் போனார்.

ஒன்பது வருஷம்.
குதைபியாவின் இந்த எட்டடி ஸ்டூடியோவில்
என் இடது கைக்குத் தெரிந்தது
என் தலைக்குத் தெரியாது.
இன்று
பருவைத் தேய்க்கப் போனால்
படம் தலைகீழாகத் தொங்குகிறது.
பின்னணியை வெள்ளையாக்கினால்
ஒரு நேபாளியின் காதும் சேர்ந்து போகிறது.
காதில்லாத படத்தை எந்த அலுவலகம் வாங்கும்?
திரும்ப உட்காரவைத்தேன்.
பாவம், டூட்டிக்கு நேரமாச்சு என்றான் இந்தியில்.

பழைய கோப்புகள் திறக்கின்றன, திறக்காமல் என்ன.
அடுக்கடுக்காக வைத்ததெல்லாம்
இஸ்திரி போட்டதுபோல் ஒரே தாளாக.
யார் யாருக்கோ நான் மாட்டிவிட்ட கோட்டை
இனிமேல் கழற்ற முடியாது.

எட்டு மணிக்குச் சுடலைமுத்து வந்தான்.
சாரம் கட்டுகிறவன், சாத்தான்குளம் பக்கம்.
பெண் வீட்டுக்கு அனுப்ப ஒரு படம்.
"கொஞ்சம் வெளுப்பா, அண்ணாச்சி."

சொல்லவே வேண்டாம், வழக்கமாகச் செய்வதுதான்.
எஃப் ஐந்தை அழுத்தினால் போதும்,
எனக்கு முன்னால் இருந்தவன் பதிந்துவைத்த கட்டளை:
ஜூலை வெயில் இரண்டு நொடியில் இறங்கிவிடும்.
எத்தனை பேரை அனுப்பியிருக்கிறேன் அப்படி,
திருவனந்தபுரத்தில் இறங்கி
வரவேற்க வந்தவர்களுக்கு அடையாளம் தெரியாமல் நிற்க.

அழுத்தினேன்.
ஒன்றும் ஆகவில்லை.
மறுபடி அழுத்தினேன்.
திரையில் அவன் அப்படியே இருந்தான்.
மெனு மெனுவாக ஏறி இறங்கினேன்.
வெளிச்சத்தைக் கூட்டினால் சட்டைதான் வெளுத்தது.
வாசலில் கேம்ப் வண்டி ஹாரன் அடித்தது,
இரண்டு தரம், பிறகு விடாமல்.

"போதும், போடுங்க."

பிரிண்டர் நாலு படத்தைத் துப்பியது.
சூடு ஆறுமுன் ஒன்றை எடுத்து
சுவர்க் கண்ணாடி முன்னால் போய்
முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தான்,
பில்லைச் சரிபார்ப்பவன்போல.
"சரியாத்தான் இருக்கு" என்றான்.
ஒரு தினாரை வைத்துவிட்டு ஓடினான்.

கடை பூட்டுமுன்
அந்தப் பொத்தானை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தேன்.
மேல்வரிசையில்
அது ஒன்றில்தான் எழுத்து தேய்ந்திருக்கிறது.