ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல்

பகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
லீ கடையின் நகல் இயந்திரம்
எல்லாரையும் கறுப்பு வெள்ளையாக்கிவிடும்.
பக்கத்துக்குப் பத்துக் காசு.
அப்பாவின் நீல அட்டையும் அம்மாவின் சிவப்பு அட்டையும்
ஒரே தாளில் மேலும் கீழுமாய் வந்து விழுந்தபோது
எது எதுவென்று எனக்கே தெரியவில்லை.
"கலர் வேணுமா? ஒரு வெள்ளி."
விண்ணப்பம் கலர்தான் கேட்டது.

தார்த்துப் பல்கலைக்கழகம், எஸ்தோனியா.
அரசியல் அறிவியல் துறை, மாணவர் பரிமாற்றம், ஒரு பருவம்.
உலகப் படத்தில் அதைத் தேடி
தம்பி குகனேசன் இரண்டு முறை தப்பான நாட்டில் விரல் வைத்தான்.
பாடப் பட்டியலைப் பார்க்கும்வரை எனக்கும் தெரியாது,
அங்கேயே பிறந்து, அங்கேயே முடி நரைத்து,
எந்த நாட்டவரும் ஆகாத சிலருக்குச்
சாம்பல் நிறத்தில் ஒரு கடப்பிதழ் தருகிறார்கள் என்று.

சாம்பல்.
நம் ஆட்கள் நெற்றியில் பூசுவதை
அவர்கள் அட்டைக்குப் பூசியிருக்கிறார்கள்.

ஏன் வெளிநாட்டில் அரசியல் படிக்க விரும்புகிறாய்,
ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல் எழுது என்றார்கள்.
முதல் வரைவில் 'உலகளாவிய' நான்கு முறை வந்தது.
அடித்தேன்.
இரண்டாவதில் 'ஜனநாயகம்' மட்டும் மிஞ்சியது.
ஒரு ராத்திரி விட்டுவைத்து
காலையில் அதையும் அடித்தேன்.

மூன்றாவது இது:

சென்ற தேர்தலன்று தமிழ்ப்பள்ளி வேலிக்கு வெளியே
அம்மா மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
அப்பா உள்ளே. நானும் உள்ளே, முதல் தடவை.
அவள் ஐந்தாம் டிவிஷனில் பிறந்தவள்.
பிறப்பைப் பதிய யாரும் கோலப்பிலா போகவில்லை.
அன்று லாரி வரவில்லை என்பார்கள்,
மழை என்பார்கள் சிலர்.
ஐம்பத்து நான்கு வயது.
செம்பனைக்கடியில் உதிரிப் பழம் பொறுக்கியே
முதுகை இந்த மண்ணுக்குக் கொடுத்தாயிற்று.
வெளியே வந்ததும் என் விரலைப் பிடித்து
மையை முகர்ந்து பார்த்தாள்.
"ஆஸ்பத்திரி வாடை."
யாருக்குப் போட்டாய் என்று கேட்கவில்லை.

மீதி இடத்தை வெள்ளையாகவே விட்டு அனுப்பினேன்.

கடனுதவிக்கு இரண்டு ஜாமீன் வேண்டும்,
இருவரும் அரசாங்கச் சம்பளக்காரர்கள்.
தபால்காரர் அருளப்பன் கையெழுத்துப் போட்டுவிட்டு
"ஓடிப்போயிட மாட்டியே?" என்றார்.
சிரித்துக்கொண்டுதான். ஆனாலும் பேனாவை மூடவில்லை.
தண்ணீர் இலாகா செல்வேந்திரன் அண்ணன்
மூன்று வாரம் போனை எடுக்கவேயில்லை.
ஒரு சாயங்காலம் அண்ணி புஷ்பலீலா
மருத்துவமனைச் சீருடையோடு வந்து
நின்றவாக்கில் தன் பெயரை எழுதினாள்.
"அவருகிட்ட சொல்லாத."

நேர்காணல் கணினித் திரையில்.
ஒப்பீட்டு அரசியலில்
எதையும் எதையும் ஒப்பிடுவதாக உத்தேசம்? என்றார் ஒரு பேராசிரியை.
ஆலைச் சங்கு ஊதியது. மழை பிடித்துக்கொண்டது.
சிவப்பையும் சாம்பலையும் என்று நான் சொன்னது
எல்லை தாண்டியதா தெரியாது.
அவர் வாய் திறந்தபடி
திரையில் உறைந்திருந்தார்.

காத்திருப்போர் பட்டியலில் மூன்றாவது, என்று பதில் வந்தது.
அம்மாவிடம் சொன்னேன்.
குடியுரிமைக்கு நான்காம் முறை எழுதிப் போட்டிருப்பவள்,
காத்திருப்பு என்ற சொல்லுக்கு அவள் முகம் அசையவில்லை.
"மூணு நல்ல நம்பர்" என்றாள்,
சனிக்கிழமை நம்பர் எடுக்கிறவளைப்போல.

ஞாயிற்றுக்கிழமை பண்டல் கடையிலிருந்து
ஒரு குளிர்க் கோட்டு வாங்கிவந்தாள்.
எந்த ஊர்ப் பிள்ளையோ போட்டது, பதினைந்து வெள்ளி.
எனக்கு அளவு பார்க்குமுன்
தானே மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள்.
கை நீளம்.
பித்தானைக் கழுத்துவரை போட்டாள்.
கழுத்தில் வேர்வை வழிந்தது.

உலையில் அரிசி கொதித்துப் பொங்கும்வரை
கழற்றவில்லை.