மூன்றாம் மாடி

தம்புச் செட்டித் தெருவில் அந்த லிஃப்டின் வயது
கட்டடக்காரர் சம்பத்ராஜுக்கே தெரியாது.
மோட்டாரின் பித்தளைத் தகட்டில்
எண்களெல்லாம் தேய்ந்து
ஒரு ஏழு மட்டும் மிச்சம்.

'புதுசா மாத்திடலாம், ஆனா
பழசு மாதிரியே இருக்கணும்' என்றார்.
'பழசே இருக்கட்டும், ஆனா
விழாம இருக்கணும்' என்றேன்.
எது மலிவு என்று கேட்டார்.

இரும்பு வடம் புதிது. அதில் பேச்சே இல்லை,
உயிர் தொங்கும் இடத்தில்
எனக்குப் பழமைப் பற்று கிடையாது.
மடக்குக் கதவை மட்டும் தேய்க்கவில்லை
மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்ததோடு சரி.
கைபட்டுக் கைபட்டு வழவழத்த ஒரு சாண் இரும்பு
எந்த பாலிஷிலும் வராது.
மோட்டார் மூடியில்
எத்தனையோ ஆயுத பூஜைக் குங்குமம்
கிரீஸோடு கிரீஸாய் இறுகிக் கிடந்தது.
கிருபாகரன் உளியை எடுத்தான்.
'மூடியிலதானே இருக்கு, விடுப்பா.'

மூன்றாம் மாடியில் மட்டும்
நாலு விரற்கடை கீழே நிற்கும் அது.
என்றைக்கோ யாரோ சுத்தியலால் தட்டி
ஒரு தகடு வளைந்த கணக்கு.
'தளம் சமமாக இருத்தல் வேண்டும்'
என்று எழுதிவிட்டுப் போனார் ஆய்வாளர்.
நிமிர்த்த ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.
ரசமட்டம் வைத்தேன்:
குமிழி நடுவில் வந்து உட்கார்ந்தது.

திங்கட்கிழமை.
வக்கீல் குமாஸ்தா மங்கையர்க்கரசி
இரு கையிலும் கேஸ் கட்டு,
கழுத்திடுக்கில் போன்,
யாருக்கோ வாய்தா தேதி சொல்லிக்கொண்டே
இல்லாத படிக்குக் காலைத் தூக்கித்
தொப்பென்று வைத்தார்.
கட்டுகள் சரிந்தன.
பொறுக்க ஓடிவந்த ஜூனியரும் தூக்கினார்.
அவர் பின்னால், டீ கேனோடு ரஹீம்.

'ரிப்பேர் பண்ணச் சொன்னா
எங்க காலைக் கெடுத்துட்டீங்களே!'

கம்பெனி வரைபடத்தை விரித்துக் காட்டினேன்.
சமம் என்றுதான் போட்டிருந்தது.
மெஷின் தன் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது,
திரும்பாமல் நின்றது
அந்த மாடியின் நாற்பது ஜோடிக் கால்கள்.

நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்:
வளைவு, மூன்றாம் தளம், எழுபத்திரண்டு மில்லிமீட்டர்.
எதற்கென்று கிருபாகரன் கேட்டான்.
தெரியவில்லை.
நீக்கியதற்கும் ஒரு ரசீது வேண்டாமா?

போன வாரம் கிரீஸ் போடப் போனேன்.
மூன்றாம் மாடி.
கதவை இழுத்தேன், அதே வழவழப்பு.
பெட்டிக்குள் யாரும் இல்லை,
நல்லவேளை.
என் கால்
தானாக
நாலு விரற்கடை உயர்ந்தது.