சார்ஜ் ஏறினால் விழித்துக்கொள்

மேட்டில் தேனீப் பெட்டிகளுக்கு நடுவே
என் பழைய போனைக் கட்டிவைத்தேன்,
ஏழாம் கூட்டின் இரைச்சலைக் கேட்டு
மணிக்கொரு செய்தி அனுப்பச் சொல்லி.
அத்-பாஷியில் இரவு நீளம்.
கையகலச் சூரியத் தகடு தந்ததையெல்லாம்
விடியுமுன் குடித்துத் தீர்த்துவிட்டு
செத்துக் கிடக்கும்.
காலையில் வெயில் வந்து தொட்டால்
பேட்டரிப் படம் ஒன்றைக் காட்டும்.
பச்சை ஏறும், ஏறி நிறையும்,
எழுந்திருக்காது.
யாராவது போய்ப் பொத்தானை அமுக்க வேண்டும்.
யாராவது என்றால் நான்,
குதிரையில் ஒன்றரை மணி நேரம்.

மின்சாரம் வந்ததும் தானே எழு என்று
உள்ளே ஒரு வரி எழுதினால் போதுமாம்.
எழுத வேண்டிய இடம் பூட்டிக் கிடக்கிறது.
காசு கொடுத்து வாங்கியவள்தான்,
ஆனாலும் இத்தனை வருஷமும்
நான் அதில் வாடகைக்கு இருந்திருக்கிறேன்.

நாரின் சந்தையில் போன் பழுது பார்க்கும் எர்மெக்
மடிக்கணினியோடு வந்து இறங்கினான்.
'ரூட் பண்ணணும், சைக்கால் அக்கா.'
ரூட் என்றால் வேர்.
வேர்வரை போக ஒரு கேபிள்.
முதல் கேபிளில் கணினி போனைப் பார்க்கவே இல்லை.
'கருவிக்காகக் காத்திருக்கிறேன்' என்ற வரியின் கீழ்
கர்சர் மினுக்கிக்கொண்டே இருந்தது.
நாங்களும் காத்திருந்தோம். தேநீர் ஆறியது.
சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாம்:
சோறு போடும், பேச்சு கிடையாது.
என் வீட்டுக்காரரும் அப்படித்தான் இருந்தார்.

இரண்டாவது கேபிள் பேசியது.
இனி ஒலி குறைக்கும் பொத்தானையும் பவரையும்
சேர்த்து அமுக்கிப் பிடிக்க வேண்டும்.
பிடித்தோம். எதுவும் நடக்காதது போல
வழக்கமான முகத்தோடு எழுந்தது.
மறுபடி, பத்து எண்ணி.
மறுபடி, பதினைந்து எண்ணி.
எர்மெக் டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டான்,
ஜன்னலைப் பார்த்து ரஷ்ய மொழியில் வைதான்.
நான் பொத்தானை நகத்தால் நெருடினேன்.
அமுங்கவில்லை. மோந்து பார்த்தேன்.

தேனீப் பிசின்.
மூன்று கோடைகளாக என் விரல்களிலிருந்து இறங்கி
விளிம்பில் குடியேறிக் கெட்டித்திருக்கிறது.
சந்து கண்டால் அடைப்பது அவற்றின் சுபாவம்,
யார் வீட்டுச் சந்து என்று பார்ப்பதில்லை.
பஞ்சில் வோட்கா தொட்டுத் துடைத்தேன்.
மிச்ச வோட்காவை எர்மெக் வீணாக்கவில்லை.

பூட்டைத் திறந்தால் உள்ளிருப்பதெல்லாம் அழியும்,
சம்மதமா என்றது திரை.
படங்களை முன்பே அட்டையில் ஏற்றியிருந்தேன்.
ஆம் என்று அமுக்கியவன் எர்மெக்,
கொஞ்சம் அவசரமாகவே.
அழிந்த பிறகுதான் நினைவு வந்தது,
குறிப்புகளில் அவன் பெயருக்கு நேரே இருந்த
நாலாயிரத்து முந்நூறு சோம்.

அப்புறம் கம்பெனியின் சின்னம் வந்தது. அணைந்தது.
வந்தது.
அணைந்தது.
இருபது நிமிஷம் அதே.
'செங்கல்லாயிடுச்சு' என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

பின்மூடியைப் பிரித்து, பேட்டரியைக் கழற்றி,
டார்ச் அடித்து ஒட்டுத்தாளைப் படித்தேன்:
மாடல் எண்ணின் வாலில் ஓர் எழுத்து வேறு.
நாங்கள் ஊட்டியது இதன் தம்பிக்கான கோப்பு.
அடுத்த கூட்டு ராணியைத் திடுமென்று உள்ளே விட்டால்
சூழ்ந்துகொண்டு நெருக்கியே கொன்றுவிடும் கூடு;
இது பரவாயில்லை,
துப்பத்தான் செய்திருக்கிறது.

சரியான கோப்பைத் தேடி இறக்கி முடிக்கையில்
பன்னிரண்டே முக்கால்.
கறுப்புத் திரையில் டாலர் குறி இருந்த இடத்தில்
குறுக்கும் நெடுக்குமாய் இரண்டிரண்டு கோடுகள்,
துண்டு வேலி மாதிரி.
'இனி நீங்கதான் வீட்டுக்காரி' என்றான்.
அந்த ஒரு வரியை நானே தட்டினேன்,
ஒற்றை விரலால், இரண்டு தடவை பிழை திருத்தி.

மூன்றாம் நாள் காலை.
மேட்டில் வெயில் விழுந்திருக்கும் என்று
சமையலறையில் நின்று கணக்குப் போட்டேன்.
ஏழு மணிக்குச் செய்தி வந்தது:
ஏழாம் கூடு. இரைச்சல் உண்டு. பேட்டரி நான்கு சதவீதம்.

குதிரைக்குச் சேணம் போடவில்லை.
இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டு
எர்மெக்குக்கு எழுதினேன்:
வேலை செய்கிறது. நன்றி.
நாலாயிரத்து முந்நூறு.