நுரை மான்

ஏரியின் மேல் நிற்கிறது கார்.
அடியில் அறுபது சென்டிமீட்டர் பனிக்கட்டி.
அதற்கும் அடியில், கூரையை யாரோ பெயர்க்கிறார்கள் என்று
அண்ணாந்து பார்த்திருக்கும் மீன்கள்.

வாக்கி டாக்கியில் ஹென்ரீகா:
"ஐம்பதில் வாருங்கள். மானைத் தாண்டிப் போங்கள்,
முடிந்தால் இடிக்காமல்."
என் மகனைவிடச் சின்னவள்.
அந்த 'முடிந்தால்' மட்டும்
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டிலும் சுட்டது.

முப்பது வருடமாக ஓட்டுகிறேன்.
படுத்த படுக்கையானவர்களுக்கு இன்சுலின், கட்டுத் துணி,
சில நாள் வெறும் பேச்சு என்று
தினம் நூற்று நாற்பது கிலோமீட்டர்.
நவம்பரில் ஒரு காலை, ஏழரை மணி இருட்டு,
கிட்டிலா சாலையில் பனிமான் ஒன்று நின்றது.
நான் நிற்கவில்லை.
சேதங்கள் என்ற கட்டத்தில்
முன்விளக்கு, பானெட், ரேடியேட்டர் என எழுதினேன்.
மானின் சொந்தக்காரருக்கு வேறொரு படிவம்.
என் பாரத்துக்குப் படிவம் கிடையாது;
பிரேக்கைத் தொட்டாலே முழங்கால் ஆடியது, அவ்வளவுதான்.
அதனால்தான் நகராட்சி என்னை இங்கே அனுப்பியிருக்கிறது,
தபால் வண்டி உர்ப்போவோடும்
டாக்ஸி ஓட்டும் ஐலாவோடும்.

இது நுரையால் செய்த மான்.
கழுத்தில் வெள்ளி டேப், பல குளிர்காலங்களின் சுற்று.
முதல் ஓட்டத்தில் நெஞ்சிலேயே இடித்தேன்.
தலை தனியே வழுக்கிப் போய்
உர்ப்போவின் ஃபிளாஸ்க்குப் பக்கத்தில் நின்றது.
காபி வேண்டுமா என்று அதனிடம் கேட்டார்.
எல்லோரும் சிரித்தார்கள். நானும், கொஞ்சம் தாமதமாக.

"எங்கே பார்த்தீர்கள்?"
"மானை."
"மானைப் பார்த்தால் மானிடம்தான் போவீர்கள்.
காருக்கு உங்கள் கண்ணை விட்டால் வேறு கதியில்லை.
காலியாக இருக்கும் இடத்தைப் பாருங்கள்."

காலியாக இருக்கும் இடத்தை
எப்படிப் பார்ப்பது?
இரண்டு, மூன்று, நான்கு.
மிதித்தால் பெடல் காபிக்கொட்டை அரைக்கிறது,
ஸ்டியரிங் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.
ஐந்தாவதில் வால் இடப்புறம் நழுவ
பதறி ஒடித்தேன்; அது வலப்புறம் வந்து
கன்னத்தில் அறைவதுபோல் திரும்பிற்று.
"அதிகம்," என்றது வாக்கி டாக்கி. "கைக்கு அவசரம்."

அவசரமா? எனக்கா?
எய்னாரியின் தொண்ணூறு வயதுக் கையில்
நரம்பு நழுவும்போது
ஊசியை அழுத்துபவள் புது நர்ஸ்.
நான் அழுத்தமாட்டேன்.
ஒரு நூல் பின்வாங்கி,
தோலை விரலால் நிறுத்தி,
அது தானாக அடங்கும்வரை இருப்பேன்.

ஆறாவதில்
பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.
சக்கரங்களுக்கு மூச்சு வந்தது.
நழுவும் பக்கமே ஒரு நூல் திருப்பி
இருந்தேன்.
அரை வினாடிதான். அதற்குள்
கம்பளிச் சட்டைக்குள் வியர்த்துவிட்டது.
மானுக்கும் பனிச்சுவருக்கும் நடுவே
நீலமாய் ஓர் இடைவெளி,
காலையிலிருந்தே இருந்திருக்கிறது;
அதன் வழியே போய்விட்டோம், காரும் நானும்.
பக்கக் கண்ணாடி மட்டும் மானின் காதை உரசியது.

"இப்போது வேண்டுமென்றே சுற்றுங்கள்," என்றாள்.
கைப்பிரேக்கை இழுத்தேன்.
காடு, படகுத்துறை, தாழ்ந்த சூரியன், உர்ப்போ, காடு,
படகுத்துறை, வாய் பிளந்த ஐலா.
ஐம்பத்தொரு வயதில் ஏரி நடுவில் பம்பரம்.
நின்றபோது வீடு எந்தத் திசையென்று தெரியவில்லை.
இன்னொரு முறை, என்றேன்.

பொழுது சாயத் திரும்பினேன்.
ஆணி டயர்கள் கடகடக்க
அந்த வளைவு வந்தது.
பார்க்கக் கூடாது. தெரியும்.
காலி இடத்தைத்தான் பார்க்க வேண்டும். அதுவும் தெரியும்.
பார்த்தேன்.
கார் ஓரத்துக்கு அரை அடி சாய்ந்தது,
நான் ஏதோ சொல்லிவிட்டதுபோல.
ஒரு நூல் திருப்பினேன்.
நாளைக் காலை ஏழரைக்கு எய்னாரிக்கு ஊசி.